கு முதல் னு வரை ஒரு வாரம் போதுமா?

12 ஜூலை 2025, சனி, இரவு 9.14
புதுவாத்தி

முதலாம் ஆண்டு, 14 பேர். மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் டவுனிலிருந்து செம்பனைக் காட்டு வழியே உள்ளே போனால் வரும் சின்னத் தமிழ்ப்பள்ளி. வருகிற வாரம் உகர உயிர்மெய் வரிசை. 18 எழுத்து, ஐந்து நாள். நாளுக்கு நாலு என்று போட்டால் வெள்ளிக்கிழமை முடிந்துவிடும், ரெண்டு எழுத்துக்கு இடம்கூட மிஞ்சும். கணிதம், அறிவியல், காட்சிக் கலை மூன்றும் என் கையில்தான், அவற்றையும் இதோடு கோக்க வேண்டும். கு முதல் னு வரை ஒரு வாரம் போதும் என்பது என் கணக்கு. சரியா?

12 ஜூலை, இரவு 9.51
அஞ்சாங்கட்டை

பெருக்கல் சரி. வாரம்தான் தப்பு.

திங்கள் முதல் பாடவேளையைச் சபைகூடல் தின்றுவிடும். நாட்டுப்பண் நெகாராகூ, மாநிலப் பண், ருக்குன் நெகாரா உறுதிமொழி, தலைமையாசிரியர் உரை, வரிசையில் வகுப்புக்குத் திரும்புவது, எல்லாம் சேர்த்து 40 நிமிடம். வெள்ளி சீக்கிரம் மணி அடிக்கும். புதன் புறப்பாடம் (விளையாட்டு, சங்க நடவடிக்கை) இருந்தால் பிள்ளைகளுக்குக் காலையிலிருந்தே கால் தரையில் நிற்காது. காலையில் மழை பிடித்தால் பள்ளி வேன் வராமல் பாதி வகுப்பு காலி. கையில் நிற்பது மூன்றரை நாள்.

இன்னொன்று, 18 என்று எண்ணாதீர்கள். உகரம் ஏறும்போது எழுத்தில் கூடும் வடிவம் மூன்றே மூன்று:

வால் (அடியில் சுழித்து வருவது): கு டு மு ரு று ழு ளு
கோல் (நேரே கீழே இறங்கும் கோடு): ஙு சு பு யு வு
தும்பிக்கை (கடைசிக் கால் கீழே போய் வலப்பக்கம் வளைந்து ஏறுவது): ஞு ணு து நு லு னு

மூன்று வடிவம், மூன்று நாள். பிள்ளை 18 படத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், மூன்று அசைவைக் கை பழகினால் போதும்.

12 ஜூலை, இரவு 10.20
மணிலாஅட்டை

று எப்படி வாலுக்குப் போனது? எழுதிப் பாருங்கள். ற-வின் வலக்கால் கீழே இறங்கி வளைந்து ஏறுகிறது. அது தும்பிக்கை.

12 ஜூலை, இரவு 10.33
அஞ்சாங்கட்டை

ஆமாம், தும்பிக்கைதான். ரு-வும் று-வும் காதில் பக்கத்து வீடு, அதனால் கையும் அங்கேயே போய்விட்டது. திருத்திய கணக்கு: வால் 6, கோல் 5, தும்பிக்கை 7. மொத்தம் 18.

நான் செய்த இதே தப்பைத்தான் பிள்ளைகளும் செய்வார்கள், ற எழுதி அதற்கு ரு-வின் வாலை மாட்டுவார்கள். ரு, று இரண்டையும் ஒரே நாளில் காட்டாதீர்கள். வால் நாளும் தும்பிக்கை நாளும் பிரிந்திருந்தால் இந்தக் குழப்பம் பாதியாகும்.

12 ஜூலை, இரவு 10.40
ஓய்வுபெற்றசுண்ணக்கட்டி

ஙு, ஞு இரண்டுக்கும் ஒரு சொல் கண்டுபிடிப்பவருக்கு என் செலவில் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்).

12 ஜூலை, இரவு 10.58
அஞ்சாங்கட்டை

உங்கள் காசு பத்திரம். அந்த இரண்டும் வரிசை அட்டையில் இருக்கட்டும், ஒரு தடவை எழுதட்டும், வாசிப்புக்குத் தேவையில்லை. ஆக வேலை செய்யும் எழுத்து 16.

13 ஜூலை, ஞாயிறு, காலை 7.30
அஞ்சாங்கட்டை

நேற்றுப் போட்டது வடிவம். இன்று நடைமுறை.

மணல் தட்டு. பெரிய பிஸ்கட் டின் மூடி போதும். அடியில் கறுப்பு மணிலா அட்டையை வெட்டி ஒட்டுங்கள், விரலால் இழுத்த கோடு அப்போதுதான் தெரியும். மேலே கழுவிக் காயவைத்த ஆற்று மணல், அரைச் சென்டிமீட்டருக்கும் குறைவாக. கனமாகக் கொட்டினால் விரல் போன தடம் உடனே மூடிக்கொள்ளும். ரவை போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள், மறுநாள் காலை வகுப்பறை முழுக்க எறும்பு. உப்பும் நம் ஊர்க் காற்றில் கசிந்து கட்டியாகிவிடும். 14 பேருக்கு 7 தட்டு வையுங்கள், இருவருக்கு ஒன்று. ஒருவர் எழுத, மற்றவர் "வாலா, கோலா, தும்பிக்கையா" என்று சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் மணல் வீடு கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

வரிசை: முதல் நாள் கோல். எளிது, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இதில் வரும் தப்பும் ஒன்றே ஒன்று. பு எழுதச் சொன்னால் கோட்டை எழுத்தின் உள்ளேயே நிறுத்திவிடுவார்கள். காரணம் நோட்டுக் கோடு. கோட்டுக்குக் கீழே பேனாவைக் கொண்டுபோகக்கூடாது என்று நாம்தான் ஐந்து மாதமாகச் சொல்லி வைத்திருக்கிறோம். இரண்டு வரிக்கு ஒரு எழுத்து என்று எழுதவைத்து, கீழ்வரியை மஞ்சள் கிரேயானால் பூசி "இது கோல் இறங்கும் இடம்" என்று காட்டினால் சரியாகும்.

இரண்டாம் நாள் வால், மூன்றாம் நாள் தும்பிக்கை. தும்பிக்கையில் பிள்ளை அவசரப்பட்டு மேலே ஏறியதும் ஒரு கொக்கி போட்டு இறக்கினால் து, தூ ஆகிவிடும். அது தப்பில்லை, அடுத்த பாடம் முன்னாலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான். கோடு போட்டு அடிக்காமல் பக்கத்தில் சரியானதை எழுதிக் காட்டுங்கள்.

13 ஜூலை, காலை 9.05
புதுவாத்தி

சொல் எங்கிருந்து எடுப்பது? பாடநூலில் எழுத்துக்கு ஒன்றுதான் இருக்கிறது. ளு-வுக்கு என் தலையில் "கள்ளு" தவிர எதுவும் வரவில்லை.

13 ஜூலை, காலை 9.12
ஓய்வுபெற்றசுண்ணக்கட்டி

தம்பி, அதைப் பலகையில் எழுதிடாதே. உளுந்து இருக்கே, உளுந்து! தோசை தின்னாத பிள்ளையா உன் வகுப்பில்?

13 ஜூலை, காலை 9.40
மணிலாஅட்டை

வகுப்பறைப் பொருள்மேலேயே ஒட்டிவிடுங்கள். கதவு, சுவர், துடைப்பம், புத்தகம். வெளியே வாசலில் "நுழை". அட்டை ஒரு சாண் நீளம், எழுத்து உள்ளங்கை உயரம், உகர எழுத்து மட்டும் சிவப்பு. பிளாஸ்டிக் உறை போட்டால் விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், பின்வரிசைக்குத் தெரியாது. வெறும் அட்டையே நல்லது. சுவரில் செலோதேப் நிற்காது, ஈரத்தில் உரிந்து விழும். புளூதேக் வைத்து அழுத்துங்கள்.

மீதிக்கு: முட்டை, குருவி, கழுகு, எலுமிச்சை, கணு, நுங்கு, ஆயுள், அனுப்பு. நுங்கை இங்கே பல பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள், "நுரை" என்று சோப்பைக் காட்டுங்கள்.

13 ஜூலை, மதியம் 1.15
அஞ்சாங்கட்டை

சொல் தேடி அலைய வேண்டாம், கணிதப் பாடவேளையில் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள்:

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

பத்தும் உகரத்தில் முடிகிறது. று, டு, கு, து, ழு ஐந்து எழுத்தும் அதிலேயே வந்துவிட்டது. பிள்ளைகள் வாயில் புழங்குவதோ ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அதில் ணு, லு, சு. ஆக எட்டு எழுத்து. 16-ல் பாதியைப் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது. நாம்தான் அதைத் தமிழ்ப் பாடம் என்று எண்ணுவதில்லை.

13 ஜூலை, மதியம் 2.02
மணிலாஅட்டை

அருமை. ஆனால் "ஒண்ணு" என்று நோட்டில் எழுதி வைத்தால் பெற்றோர் என்ன சொல்வார்கள்?

13 ஜூலை, மதியம் 2.30
அஞ்சாங்கட்டை

எழுதக் கூடாது. காதுக்கு மட்டும். கை தட்டிச் சொல்லும்போது ஒண்ணு, பலகையில் ஒன்று.

13 ஜூலை, இரவு 8.45
அஞ்சாங்கட்டை

மதியம் போட்டதில் ஒரு ஓட்டை. நான்கு, ஐந்து, பத்து எல்லாம் குற்றியலுகரம். சொல்லின் கடைசியில், தனிக்குறிலை அடுத்து இல்லாமல், வரும் கு சு டு து பு று அரை மாத்திரையாகக் குறுகிவிடும், உதடு குவியாது. "பத்து" என்று சொல்லிப் பாருங்கள், கடைசியில் தெளிவான உ கேட்கிறதா? கேட்காது. பிள்ளை "பத்" என்று எழுதினால் அதன் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. ஏழு மட்டும் இதில் சேராது, ழு வல்லினம் இல்லை.

அதனால் அறிமுகம் சொல்லின் முதலில் வரும் உகரத்தில்தான்: குடை, சுவர், துணி, புலி, முட்டை, நுரை. அங்கே உதடு குவியும், கண்ணாலும் பார்க்கலாம். ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி கொடுத்து க, கு மாற்றிச் சொல்லவிடுங்கள். எண்ணுப்பெயர்கள் புதன், வியாழனில் வரட்டும். முதல் நாளே எண்ணில் தொடங்கினால் சொல்வதெழுதுதலில் பாதி வகுப்பு கடைசி எழுத்தை விழுங்கும்.

14 ஜூலை, திங்கள், மாலை 4.10
புதுவாத்தி

கோல் முடிந்தது. கிரேயான் வரி வேலை செய்தது. கணிதத்துக்கு எண்ண என்ன கொடுக்கலாம்? பக்கத்தில் இன்னும் பால்மரம் (ரப்பர் மரம்) நிற்கும் நிரை ஒன்று இருக்கிறது, கொட்டை விழ ஆரம்பித்துவிட்டது. ஒரு காய்க்கு மூன்று கொட்டை, மூன்று மூன்றாக எண்ணவும் வசதி.

14 ஜூலை, மாலை 4.48
அஞ்சாங்கட்டை

நல்ல யோசனை. வழவழப்பு, கைக்கு அடக்கம், காசும் இல்லை. உருளாமல் இருக்க முட்டை அட்டையில் போடுங்கள். 30 குழி அட்டை ஐந்துக்கு ஆறு. ஆறு உள்ள பக்கத்தை இரண்டிரண்டாக வெட்டினால் பத்துக் குழி அட்டை மூன்று. ஐந்து அட்டைக்கு 15 வரும், உங்கள் 14 பேருக்கும் ஆகி ஒன்று ஆசிரியருக்கு. வெட்டுமுன் நல்ல வெயிலில் காயவையுங்கள், எச்சம் ஒட்டியதைக் கழித்துவிடுங்கள்.

14 ஜூலை, மாலை 5.30
கூலிம்காரி

பால்மரக் கொட்டை முதலாம் ஆண்டுக்கு வேண்டாம். பருப்பில் சயனைடு விடும் பொருள் இருக்கிறது, பச்சையாகத் தின்றால் நஞ்சு. ஏழு வயதில் ஓட்டை உடைத்து உள்ளே என்ன என்று பார்க்காத பிள்ளை கிடையாது. அதோடு சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பிள்ளையின் கையில் வைக்கும் விளையாட்டு எந்தத் தலைமுறையிலும் அழியவில்லை.

14 ஜூலை, மாலை 5.52
அஞ்சாங்கட்டை

சரி, கொட்டையை வாபஸ் வாங்குகிறேன். முட்டை அட்டை நிற்கட்டும். காய் வெடித்து மூன்றாகப் பிரிவதை ஆசிரியர் மேசையில் வைத்துக் காட்டலாம், அவ்வளவுதான். எண்ண மினரல் வாட்டர் மூடி.

14 ஜூலை, மாலை 6.20
மணிலாஅட்டை

சாகா விதை?

14 ஜூலை, மாலை 6.41
கூலிம்காரி

எந்தச் சாகா? மலாயில் இரண்டுக்கும் அந்தப் பெயர் ஓடுகிறது. பெரிய மரத்திலிருந்து விழும், முழுச் சிவப்பு, தட்டையாக இதய வடிவத்தில் இருந்தால் மஞ்சாடி. பல்லாங்குழிக்கும் அதன் மலாய் உறவான சொங்காக்குக்கும் போடுவது அதுதான். கொடியில் காய்த்து, சிவப்பில் ஒரு முனை கறுப்பாக இருந்தால் குன்றிமணி. அது கொடிய நஞ்சு, அதில் ஒரு விதைகூட வகுப்புக்குள் வரக்கூடாது. பிள்ளைகளைப் பொறுக்கிவரச் சொன்னால் இரண்டும் கலந்துதான் வரும். ஆசிரியரே பார்த்து வாங்குங்கள். மஞ்சாடியும் வாயில் போடும் பொருளில்லை. பாடம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டால் எது குறைந்தது என்று தெரியும், கணிதத்துக்குக் கணிதமும் ஆச்சு.

15 ஜூலை, செவ்வாய், காலை 6.15
அஞ்சாங்கட்டை

அறிவியலுக்குப் பச்சைப்பயறு. (பயறு, று. சொல்லாமல் விட மனசில்லை.)

இன்றே ஊறப்போடுங்கள். நேற்றே போட்டிருந்தால் ஐந்து நாளும் பார்த்திருக்கலாம். 14 பேருக்கு ஒரு மேசைக்கரண்டி தாராளம். காலையில் தண்ணீரில் போட்டால் பள்ளி முடியும் நேரத்துக்குத் தோல் உப்பிவிடும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கப், அடியில் பஞ்சு, ஆளுக்கு ஐந்து பயறு, கப்பின் ஓரமாக, வெளியிலிருந்து வேர் தெரிய வேண்டும். தண்ணீர் முதல் தடவை இரண்டு தேக்கரண்டி, பிறகு தினமும் ஒன்று. பஞ்சைத் தொட்டால் விரல் ஈரமாக வேண்டும், கப்பைச் சாய்த்தால் தண்ணீர் ஓடக்கூடாது. நம் வெக்கையில் மறுநாளே முளை எட்டிப்பார்க்கும்.

கெடுவது எப்படி என்றால்: அன்பு மிகுந்து நாலு தடவை தண்ணீர் ஊற்றி அழுகிப்போகும், வகுப்பே நாறும். காற்றாடிக்கு நேர்கீழே வைத்தால் மதியத்துக்குள் பஞ்சு காய்ந்துவிடும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்த்து மறுபடி நடுவார்கள். ஆளுக்கு ஐந்து அதற்குத்தான், ஒன்று ஆராய்ச்சிக்குப் போகட்டும். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் யாராவது உடைத்த பாசிப்பருப்போடு வருவார்கள், அது ஜென்மத்துக்கும் முளைக்காது. திருப்பி அனுப்பாமல் அதையும் ஒரு கப்பில் போடுங்கள். ஏன் முளைக்கவில்லை என்பதே ஒரு பாடம்.

16 ஜூலை, புதன், இரவு 9.00
கூலிம்காரி

கெடாவில் எங்களுக்கு ஞாயிறு தொடங்கி வியாழன் வரை. பயறு போடும் நாளை அதற்கேற்ப ஒரு நாள் முன்னே தள்ளிக்கொள்கிறோம். எங்கே இருந்தாலும் விதி ஒன்று, வாரத்தின் முதல் நாள் ஊறவேண்டும். நடுவாரம் போட்டால் நல்ல வளர்ச்சி எல்லாம் விடுமுறையில் நடந்து, யாரும் பார்க்காமல் வாடிப்போகும்.

17 ஜூலை, வியாழன், மாலை 3.35
புதுவாத்தி

ஒரு சிக்கல். வெளிச்சம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட ஒரு கப்பை அலமாரிக்குள் வைத்தேன். அதுதான் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கிறது. "சார், இருட்டுதான் செடிக்குப் பிடிக்கும்" என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

17 ஜூலை, மாலை 4.20
அஞ்சாங்கட்டை

அளவுகோலை மட்டும் நம்பினால் அவர்கள் தீர்மானம் சரி. முளை இப்போது சாப்பிடுவது வெளிச்சத்தை இல்லை, விதையிலை இரண்டிலும் உள்ள சேமிப்பை. இருட்டில் இருக்கும் செடி அந்தச் சேமிப்பைக் கொட்டி வெளிச்சம் தேடி நீளும். அதனால்தான் உயரம். இரண்டு கப்பையும் பக்கத்தில் வைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன நிறம்? தண்டு தடியா, மெல்லிசா? தொட்டால் நிற்கிறதா, சாய்கிறதா? இருட்டுக் கப் மஞ்சள், நூல் மாதிரி. அடுத்த வாரமும் அப்படியே வைத்தால் சேமிப்பு தீர்ந்து சாயும். பதிவு அட்டையில் உயரத்தோடு நிறத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருக்க வேண்டும். அதை நான் செவ்வாயே சொல்லாமல் விட்டேன்.

17 ஜூலை, மாலை 4.31
ஓய்வுபெற்றசுண்ணக்கட்டி

உயரம் பார்த்து ஏமாறுவது முதலாம் ஆண்டோடு நிற்பதில்லை. விடுங்க.

18 ஜூலை, வெள்ளி, மதியம் 1.10
புதுவாத்தி

காட்சிக் கலைக்கு உகர எழுத்தை யானையாக வரைய வைத்தேன். து, நு, லு நன்றாக வந்தது. கு-வுக்கும் தும்பிக்கை வைத்துவிட்டார்கள்.

18 ஜூலை, மதியம் 2.00
மணிலாஅட்டை

வைப்பார்கள்தான். மூன்று வடிவத்துக்கும் மூன்று மிருகம் கொடுத்திருக்க வேண்டும். வாலுக்குக் குரங்கு, கோலுக்குக் கொக்கு. பலகையில் வெறும் மிருகத்தை ஒட்டிவிட்டு, எந்த எழுத்து எந்த மிருகத்தின் வீட்டுக்குப் போகும் என்று அட்டையைக் கொடுத்து ஓடவிடுங்கள். வரைவது அதற்குப் பிறகுதான்.

ஆகஸ்டுக்கு இன்னொன்று: கொடி ஒட்டும் வேலை எல்லாப் பள்ளியிலும் வரும். ஜாலூர் கெமிலாங்கில், அதாவது மலேசியக் கொடியில், 14 கோடு, உங்களிடம் 14 பேர். ஆளுக்கு ஒரு கோடு வெட்டலாம். மேலே முதல் கோடு சிவப்பு, கடைசி வெள்ளை. கீழிருந்து ஒட்டத் தொடங்கினால் ஒன்று மாறி எல்லாம் மாறும், நடுவில்தான் தெரியவரும். நட்சத்திர முனையும் 14, அதைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள், ஆசிரியரே எண்ணி வெட்டட்டும்.

19 ஜூலை, சனி, காலை 8.20
அஞ்சாங்கட்டை

மதிப்பீடு பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். 14 பேரையும் வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் கூப்பிட்டு, எவ்வளவு தேர்ச்சி என்னும் 'தர அடைவு' போடாதீர்கள். செவ்வாயிலிருந்து நாளுக்கு மூன்று நான்கு பேர், மற்றவர்கள் மணல் தட்டில் இருக்கும்போது. ஆறு அட்டையைப் பரப்பி, வடிவத்துக்கு இரண்டு, நீங்கள் சொல்ல அவர்கள் எடுக்க வேண்டும். பிறகு அதே ஆறையும் எழுத வேண்டும். குறிக்கும்போது "நு தெரியாது" என்று எழுதாதீர்கள், "தும்பிக்கை தடுமாற்றம்" என்று எழுதுங்கள். நு தெரியாது என்று எழுதினால் குறைநீக்கலில் நு மட்டும்தான் நடக்கும். தும்பிக்கை என்றால் ஏழு எழுத்தும் சேர்ந்து சரியாகும். எடுப்பது சரி, எழுதுவது தப்பு என்றால் கைப் பழக்கம். எழுதுவது சரி, எடுப்பது தப்பு என்றால் காது. இரண்டுக்கும் மருந்து வேறு.

19 ஜூலை, காலை 10.45
புதுவாத்தி

ஒன்பது பேருக்கு மூன்று வடிவமும் வந்துவிட்டது. மூன்று பேருக்குத் தும்பிக்கை மட்டும் பாக்கி. இரண்டு பேர் திங்கள், செவ்வாய் வரவே இல்லை. அடுத்த வாரம் ஊகாரத்துக்குப் போகலாமா?

19 ஜூலை, மதியம் 12.05
அஞ்சாங்கட்டை

திங்கள் வேண்டாம். ஊகாரத்தில் கூட்டம் மறுபடி கலையும். கோலில் இருந்த சு, வாலைப் பிடித்துக்கொண்டு சூ ஆகும். கூ யாரோடும் சேராமல் தனியாக நிற்கும். உகரம் உறையாமல் அங்கே போனால் இரண்டும் சேர்ந்து குழம்பும். திங்கள், செவ்வாய் வராத இருவருக்கும் கோலும் வாலும் கொடுங்கள், தும்பிக்கை பாக்கி உள்ள மூவரையும் கைதேர்ந்த ஒன்பது பேரில் மூவரோடு மணல் தட்டில் உட்காரவையுங்கள். புதன் தொடங்கலாம், பூ-வில். பு தெரிந்த கைக்கு அது ஒரு சுழிதான் கூடுதல்.

19 ஜூலை, மதியம் 12.30
கூலிம்காரி

பயறுக் கப் எல்லாம் இப்போது எங்கே?

19 ஜூலை, மதியம் 12.38
புதுவாத்தி

சன்னல் ஓரம். விடுமுறையில் காயக்கூடாதே என்று வெள்ளிக்கிழமை மணி அடிக்கும்போது கொஞ்சம் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

19 ஜூலை, மதியம் 12.41
கூலிம்காரி

தேங்கிய தண்ணீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட இரண்டு நாள் போதும். திங்கள் சபைகூடலுக்கு முன் எல்லாக் கப்பையும் சாய்த்து வடித்துவிடுங்கள், பஞ்சில் ஈரம் நிற்கும், அது போதும். இருட்டுக் கப்பை மட்டும் எடுத்து எறிந்துவிடாதீர்கள், தீர்மானம் போட்டவர்கள் அது சாய்வதைப் பார்க்க வேண்டும்.